பழைய கணினியை அணைப்பதற்கு முன்: எடைமேடையின் சீரியல் அமைப்புகளைக் கெர்னலிடம் கேட்டறிவது எப்படி?

மலேசியாவின் கோல சிலாங்கூர் வட்டாரத்துச் செம்பனை ஆலைகளிலும் தோட்ட அலுவலகங்களிலும் கணினி பார்க்கும் வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். லோரி எடைமேடையோடு இணைந்த பழைய லினக்ஸ் கணினியை எடுத்துவிட்டுப் புதியது வைக்க வேண்டும் என்று என்றாவது ஒரு நாள் உங்களை அழைப்பார்கள். எடைகாட்டிக்கும் கணினிக்கும் இடையிலான சீரியல் இணைப்பின் வேகம் என்ன, ஓர் எழுத்துக்கு எத்தனை பிட், பிழையைக் கண்டுபிடிக்கச் சேர்க்கும் பாரிட்டி என்ற கூடுதல் பிட் உண்டா இல்லையா என்பதெல்லாம் அங்கே யாருக்கும் தெரிந்திருக்காது. மென்பொருளை எழுதிக் கொடுத்தவரின் தொலைபேசி எண்ணும் எப்போதோ மாறியிருக்கும். ஆனால், அந்தப் பழைய கணினி ஓடிக்கொண்டிருக்கும் வரையில், அதன் இயங்குதளத்தின் கருவாகிய கெர்னலுக்கு அத்தனையும் தெரியும். கணினியை அணைத்தால் அந்த விவரம் நினைவகத்தோடு அழிந்துவிடும்.

நான் அணைத்துவிட்டேன். பெஸ்தாரி ஜெயாவிலிருந்து, பெரியவர்கள் இன்றும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும் எங்கள் ஊரிலிருந்து, அரை மணி நேரத் தொலைவில் உள்ள ஓர் ஆலையில் அது நடந்தது. பழையதைக் கழற்றிப் புதியதை வைத்தேன். மேடை காலியாக இருந்தபோது திரையில் 000000 என்று வந்தது. வேலை முடிந்தது என்று கையொப்பமும் வாங்கிவிட்டேன். பிறகு முதல் லோரி ஏறியது. எடைகாட்டியில் 15,360 கிலோ, கணினியில் 5,360 கிலோ. பழத்தைக் கொட்டிவிட்டு வெறும் லோரி திரும்பி வந்தபோது இரண்டிலும் 6,350 என்று சரியாகவே வந்தது. ஆகவே நிகர எடை கழித்தல் 990 கிலோ என்று சீட்டு அச்சாகி விழுந்தது. “ஏன் தம்பி, இந்த லோரி நம்மகிட்ட இருந்து பழத்த ஏத்திக்கிட்டுப் போகுதா?” என்று அலுவலக எழுத்தரான கிராணி ஐயா கேட்டார். காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது. அந்த இரண்டு நாளும் அவர்கள் சீட்டைக் கையால் எழுதினார்கள்.

கட்டளைகளை எப்படி எழுதியிருக்கிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆங்கில எழுத்துகளின் பெயர்களையே தமிழில் சேர்த்து எழுதியிருக்கிறேன்; யுநேம், சுடோ, கேட் போலச் சொல்லாக ஒலிப்பவற்றை ஒலிக்கிறபடியே எழுதியிருக்கிறேன். ‘எல்எஸ்யுஎஸ்பி’ என்றால் அந்த ஐந்து எழுத்துகளையும் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல் தட்டச்சு செய்ய வேண்டும். ‘டிடிஒய்’ என்று வரும் இடங்களில் இரண்டு ‘டி’யும் டெலிடைப் என்ற சொல்லின் முதலெழுத்து. ‘டிஎம்ஐ’, ‘ஐடி’, ‘டிஎம்இஎஸ்ஜி’ ஆகியவற்றில் மட்டும் அது டாக்டர் என்ற சொல்லின் முதலெழுத்து. பெரிய எழுத்து தேவைப்படும் இடத்தில் தனியாகச் சொல்கிறேன்.

1. கையில் இருக்க வேண்டிய தாள்கள்

முதலாவது, ஆலை நிர்வாகம் கொடுக்கும் அனுமதிக் கடிதம். எந்தக் கணினி, எந்தத் தேதி, யார் முன்னிலையில் வேலை நடக்கும் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். எடைச் சீட்டு என்பது பணச் சீட்டு. சிறு தோட்டக்காரருக்குப் பணம் போவது அதை வைத்துத்தான். பின்னால் கணக்கில் ஏதாவது இடறினால், அந்த நாளில் கணினியைத் தொட்டவர் நீங்கள் என்பது மட்டுமே எல்லாருக்கும் நினைவிருக்கும்.

இரண்டாவது, எடைகாட்டியின் கையேடு. அதில் சீரியல் தொடர்பு பற்றிய பக்கத்தை மட்டும் படமெடுத்துக்கொள்ளுங்கள். ஆனால், கையேட்டில் இருப்பது தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்த அமைப்பு. அதை நிறுவியவர் மாற்றியிருக்கக்கூடும். ஆகவே அது துணைச் சான்று மட்டுமே.

எடைகாட்டியின் முத்திரையைத் தொடவே தொடாதீர்கள். வணிகத்துக்குப் பயன்படும் எடைக்கருவிகள் 1972ஆம் ஆண்டின் எடை அளவுச் சட்டத்தின் கீழ் சரிபார்க்கப்பட்டு முத்திரையிடப்படுபவை. அவற்றைப் பழுதுபார்க்கத் தனி உரிமம் வேண்டும். நம் வேலை கணினிப் பக்கத்தோடு முடிந்துவிடுகிறது. எடைகாட்டியின் பட்டியலுக்குள் புகுந்து பாரிட்டியை மாற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அந்த இரண்டு நாளில் எனக்கும் தோன்றியது. நல்லவேளையாகக் கை வைக்கவில்லை.

2. பொருள்களும் செலவும்

புதிய கணினிகளில் ஒன்பது ஊசி சீரியல் முனை பெரும்பாலும் இருப்பதில்லை; யுஎஸ்பி மாற்றி வாங்க வேண்டியிருக்கும். இணையக் கடையில் 12 ரிங்கிட்டுக்கு ஒன்று கிடைக்கிறதே என்று நான் முதலில் வாங்கியது உறையில்லாத சிறு பலகை. அது 5 வோல்ட் அளவில் பேசும் டிடிஎல் வகை. எடைகாட்டியின் ஆர்எஸ்-232 இணைப்பில் மின்னழுத்தம் 3 முதல் 15 வோல்ட் வரை, நேர்மறையாகவும் எதிர்மறையாகவும் மாறி மாறி வரும். அந்தப் பலகையை நேரடியாக அதில் மாட்டினால் பலகை எரிந்துபோகலாம், எரியாவிட்டாலும் பிட்டுகள் தலைகீழாகி எழுத்துகள் குப்பையாகத்தான் வரும். பெட்டியில் ஆர்எஸ்-232 என்று தெளிவாகப் போட்டிருக்கும், ஒன்பது ஊசி முனையோடு கூடிய மாற்றியையே கேட்டு வாங்குங்கள். கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவில் நான் கொடுத்தது 45 ரிங்கிட். போக்குவரத்துக்கு ஆன பெட்ரோல் செலவையும் சேர்த்தால், 12 ரிங்கிட் சிக்கனம் எனக்குப் பெரிய நட்டம்.

இதோடு ஒரு பென்டிரைவ், ஒரு குறிப்பேடு, கேபிளின் இரு முனைகளையும் படமெடுக்கக் கைப்பேசி. கேபிளை மாற்றாதீர்கள். கணினிப் பக்கத்தில் 2ஆம் ஊசி பெறுவது, 3ஆம் ஊசி அனுப்புவது, 5ஆம் ஊசி தரை. சில எடைகாட்டிகளுக்கு 2உம் 3உம் குறுக்காக மாறியிருக்க வேண்டும், சிலவற்றுக்கு நேராக இருக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் கேபிள் எதுவோ அதுவே சரியானது.

3. எந்த நேரத்தில் போவது

வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குச் சேர்க்க வேண்டும் என்பதால், பிற்பகலில் லோரிகள் வரிசை கட்டி நிற்கும். அந்த நேரத்தில் கணினியைத் தொட யாரும் விடமாட்டார்கள். காலை 7 மணிக்குப் போய், முதல் லோரி வருவதற்குள் படிக்க வேண்டியதைப் படித்துவிடுங்கள். படிப்பதற்கு ஒரு மணி நேரம் போதும். மாற்றும் வேலையை வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்வது நல்லது. மழை கட்டினால் வேலையை நிறுத்துங்கள். மேடையிலிருந்து அலுவலகம் வரை இழுத்திருக்கும் கம்பியில் இடியின் தாக்கம் ஓடிவந்து சீரியல் முனையைச் சுட்டுவிடுவது இந்தப் பக்கத்தில் புதிய செய்தியல்ல.

4. கணினியின் அடையாளம்

பழைய கணினியில் எடை மென்பொருள் ஓடிக்கொண்டே இருக்கட்டும். முனையச் சாளரத்தைத் திறந்து, கெர்னலின் பதிப்பை ‘யுநேம் -ஆர்’ என்ற கட்டளையாலும், மதர்போர்டு, பயாஸ் விவரங்களை /சிஸ்/கிளாஸ்/டிஎம்ஐ/ஐடி என்ற அடைவில் உள்ள சிறு கோப்புகளாலும் அறியலாம். ‘எல்எஸ்பிசிஐ -என்என்கே’ என்ற கட்டளை, உள்ளே பொருத்தப்பட்ட ஒவ்வொரு அட்டையின் தயாரிப்பாளர் எண்ணையும் சாதன எண்ணையும், அதை எந்த இயக்கி ஓட்டுகிறது என்பதையும் காட்டும். 8086 என்று தொடங்கினால் இன்டெல். ‘எல்எஸ்யுஎஸ்பி’ யுஎஸ்பி சாதனங்களைக் காட்டும். எல்லாவற்றையும் கோப்பில் சேமித்துப் பென்டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே இரண்டு பொறிகள் உண்டு. /ப்ராக்/ஐஓபோர்ட்ஸ் என்ற கோப்பைச் சாதாரணப் பயனராகத் திறந்தால் முகவரிகள் எல்லாம் வெறும் பூச்சியங்களாகவே தெரியும். முனை செத்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள், ‘சுடோ’ சேர்த்து நிர்வாகியாகத் திறந்தால் உண்மையான எண்கள் வரும். இரண்டாவது, எல்எஸ்பிசிஐ கட்டளையோடு மூன்று எக்ஸ் சேர்த்தால் அட்டையின் அமைப்புப் பகுதி முழுவதையும் பைட் பைட்டாகக் கொட்டும். சாதாரணப் பயனருக்கு முதல் 64 பைட்டுக்கு மேல் கெர்னல் காட்டாது. நிர்வாகியாக முழுவதையும் படிக்கலாம். ஆனால், சில அட்டைகள் அந்தப் பகுதியைப் படித்த மாத்திரத்திலேயே உறைந்துபோகும் என்று அக்கட்டளையின் கையேடே எச்சரிக்கிறது. எடைமேடை ஓடும்போது அந்த விளையாட்டு வேண்டாம். நமக்கு அது தேவையும் இல்லை.

5. எந்த முனை என்று கண்டுபிடித்தல்

/டெவ் அடைவில் டிடிஒய்எஸ்0, டிடிஒய்எஸ்1 என்று பெயர்கள் அடுக்காக இருக்கும்; இவற்றில் எஸ் பெரிய எழுத்து. உபுண்டு என்ற லினக்ஸ் வகையில் 31 வரை போகும். கணினியில் அத்தனை முனைகள் இருப்பதாகப் பொருளில்லை. பெயர் மட்டும் முன்கூட்டியே வைக்கப்பட்டிருக்கிறது. எது உண்மை என்பதை அறிய, ‘சுடோ கேட் /ப்ராக்/டிடிஒய்/டிரைவர்/சீரியல்’ என்று கொடுங்கள். ‘16550ஏ’ என்று சில்லின் பெயர் வரும் வரிகளே உயிருள்ளவை; ‘அன்னோன்’ என்று வருபவற்றுக்குப் பின்னால் எதுவும் இல்லை. வழக்கமாக முதல் முனையின் முகவரி 3எஃப்8, குறுக்கீட்டு எண் 4. இரண்டாவதன் முகவரி 2எஃப்8, குறுக்கீட்டு எண் 3.

எடை மென்பொருள் எந்த முனையைப் பிடித்திருக்கிறது என்பதை ‘சுடோ எஃப்யுஎஸ்இஆர் -வி /டெவ்/டிடிஒய்எஸ்0’ என்ற கட்டளை சொல்லும். மென்பொருளின் பெயர் அந்த வரியில் வந்தால் அதுவே நமது முனை. வராவிட்டால் எண்ணை மாற்றிக் கேளுங்கள்.

கெர்னலின் தொடக்கக் குறிப்பைக் காட்டும் ‘டிஎம்இஎஸ்ஜி’ கட்டளையிலும் இந்த முனை வரும். அந்த வரியில் 115200 என்ற எண் இருக்கும். அது சில்லின் உச்ச அடிப்படை வேகம். இப்போது ஓடும் வேகம் அல்ல. நான் முதலில் அந்த எண்ணைத்தான் பெரிய கண்டுபிடிப்பாகக் குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடும் போட்டு வைத்தேன்.

6. அமைப்பைப் படித்தல்

கட்டளை ஒரே வரிதான்: ‘சுடோ எஸ்டிடிஒய் -எஃப் /டெவ்/டிடிஒய்எஸ்0 -ஏ’. எஃப்பும், முனைப் பெயரில் 0க்கு முன்னால் உள்ள எஸ்ஸும் மட்டும் பெரிய எழுத்து. அதை மறந்துவிட்டு வெறுமனே எஸ்டிடிஒய் என்று கேட்டால், நீங்கள் உட்கார்ந்திருக்கும் முனையச் சாளரத்தின் அமைப்பைக் காட்டும். அங்கே 38400 என்று ஒரு வேகம் வரும். எடைமேடைக்கும் அந்த எண்ணுக்கும் எந்த உறவும் இல்லை. ‘சுடோ’ ஏன் என்றால், சில மென்பொருள்கள் முனையைத் தனக்கு மட்டும் என்று பூட்டி வைத்திருக்கும். நிர்வாகியை மட்டுமே கெர்னல் உள்ளே விடும்.

இதை மென்பொருள் ஓடும்போதே செய்ய வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்ததில் முக்கியமானது. வேகத்தையும் பாரிட்டியையும் கெர்னல் தானாக முடிவு செய்வதில்லை. மென்பொருள் முனையைத் திறக்கும்போது கேட்டுக்கொள்வதை அது நிறைவேற்றி, நினைவில் வைத்திருக்கிறது. மென்பொருள் தொடங்குவதற்கு முன் படித்தால், யாரும் கேட்காத பொது அமைப்புதான் கிடைக்கும். அது 9600, 8 பிட், பாரிட்டி இல்லை என்று நம்பும்படியாகவே இருக்கும். அதனாலேயே அது பொல்லாதது.

வரும் விடையில் வேகம் முதல் வரியில் இருக்கும். கீழே ‘சிஎஸ்7’ என்றால் 7 தரவு பிட், ‘சிஎஸ்8’ என்றால் 8. ‘பாரென்பி’ என்பது பாரிட்டி உண்டு என்பது. அதன் முன்னால் கழித்தல் குறி இருந்தால் இல்லை. ‘பாரோட்’ ஒற்றைப் பாரிட்டி. கழித்தல் குறியோடு வந்தால் இரட்டை. ‘சிஸ்டாப்பி’ இரண்டு நிறுத்த பிட். கழித்தல் குறியோடு வந்தால் ஒன்று. ‘ஐஎக்ஸ்ஆன்’, ‘சிஆர்டிஎஸ்சிடிஎஸ்’ இரண்டும் ஓட்டக் கட்டுப்பாடு, அதாவது ‘கொஞ்சம் நிறுத்து, இப்போது அனுப்பு’ என்று மறுபக்கத்துக்குச் சொல்லும் முறை. அந்த ஒரு சிறு கோடு இருக்கிறதா இல்லையா என்பதை நம்பித்தான் எல்லாம் நிற்கிறது. ஆகவே கையால் எழுதாமல் கோப்பில் சேமித்து, திரையையும் படமெடுங்கள்.

எஸ்டிடிஒய் படிப்பதால் எடை எழுத்துகள் தொலைவதில்லை. ஆனால், என்ன வருகிறது பார்ப்போம் என்று அதே முனையில் ‘கேட்’ கட்டளையைப் போடாதீர்கள். இரண்டு நிரல்கள் ஒரே முனையைப் படித்தால், வரும் எழுத்துகளைக் கெர்னல் இருவருக்கும் நகலெடுத்துத் தராது; யார் முந்துகிறாரோ அவருக்குத் தந்துவிடும். நீங்கள் பார்த்த இலக்கம் மென்பொருளுக்குப் போய்ச் சேராது.

7. பிழை எண்ணிக்கையை எவ்வளவு நம்பலாம்

ஐந்தாம் படியில் திறந்த அதே கோப்பில், உயிருள்ள முனைக்கு எதிரே எத்தனை பைட் அனுப்பப்பட்டது, எத்தனை பெறப்பட்டது என்ற கணக்கும், பிழை இருந்தால் ‘எஃப்இ’, ‘பிஇ’ என்ற எண்ணிக்கைகளும் இருக்கும். முதலாவது சட்டகப் பிழை, அதாவது ஓர் எழுத்தின் நிறுத்த பிட் வர வேண்டிய இடத்தில் வராதது; இரண்டாவது பாரிட்டிப் பிழை. பெறப்பட்ட எண்ணிக்கை நொடிக்கு நொடி ஏறினால் கேபிள் உயிரோடு இருக்கிறது. சட்டகப் பிழை ஏறினால் பெரும்பாலும் வேகம் தவறு.

பிழையே இல்லை என்றால் அமைப்பு சரி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. என்னுடைய கழித்தல் 990 கிலோவின் காரணம் இதுதான். அந்த எடைகாட்டி 7 தரவு பிட்டும் இரட்டைப் பாரிட்டியும் அனுப்பியது. நான் 8 பிட், பாரிட்டி இல்லை என்று வைத்திருந்தேன். இரண்டிலும் தொடக்க பிட், நிறுத்த பிட் உட்பட ஓர் எழுத்துக்குப் பத்துப் பிட்டுகள்தான். நீளம் ஒத்துப்போவதால் சட்டகப் பிழை வராது. பாரிட்டியைப் பார்க்கவே சொல்லாததால் பாரிட்டிப் பிழையும் வராது. பாரிட்டி பிட் எட்டாவது தரவு பிட்டாக வந்து உட்கார்ந்துகொள்ளும். 0, 3, 5, 6, 9 ஆகிய இலக்கங்களில் ஒன்று என்னும் பிட் இரட்டை எண்ணிக்கையில் இருப்பதால், பாரிட்டி பிட் சுழியமாகி அவை பழுதின்றி வரும். 1, 2, 4, 7, 8 ஆகியவற்றில் ஒற்றை எண்ணிக்கை; பாரிட்டி பிட் ஒன்றாகி, அவை இலக்கமே அல்லாத குப்பை எழுத்துகளாகிவிடும். மென்பொருள் குப்பையைத் தள்ளிவிட்டு மிச்சத்தைச் சேர்த்தது: 15,360இல் 1 மட்டும் விழுந்தது, 6,350இல் எதுவும் விழவில்லை, காலி மேடையின் 000000இலும் எதுவும் விழவில்லை.

8. புதிய கணினியில்

மாற்றியைச் செருகியவுடன் ‘சுடோ டிஎம்இஎஸ்ஜி’ பாருங்கள். டிடிஒய்யுஎஸ்பி0 என்ற பெயர் (யுஎஸ்பி மூன்றும் பெரிய எழுத்து) கடைசி வரிகளில் வர வேண்டும். வந்த அடுத்த நொடியே துண்டிக்கப்பட்டது என்று இன்னொரு வரியும் வந்தால், உபுண்டு 22.04இல் பலரை அலைக்கழித்த சிக்கல் அது: எல்எஸ்யுஎஸ்பியில் 1ஏ86:7523 என்று தெரியும் சிஎச்340 வகை மாற்றியை, பிரெய்ல் காட்டிக்கான ‘பிஆர்எல்டிடிஒய்’ நிரல் தன்னுடைய சாதனம் என்று எண்ணிப் பிடுங்கிக்கொள்கிறது. பார்வையற்றவர் யாரும் அந்தக் கணினியில் பிரெய்ல் காட்டியைப் பயன்படுத்தவில்லை என்று உறுதி செய்துகொண்டு அந்த நிரலை நீக்கினால் சரியாகிவிடும்.

எடை மென்பொருள் ஓடும் பயனரை ‘டயல்அவுட்’ குழுவில் சேர்த்துவிட்டு, வெளியேறி மீண்டும் நுழையுங்கள். நுழையாத வரையில் அனுமதி மறுக்கப்பட்டது என்றே வந்துகொண்டிருக்கும். மென்பொருளுக்கு டிடிஒய்யுஎஸ்பி0 என்ற பெயரைக் கொடுப்பதைவிட, /டெவ்/சீரியல்/பை-பாத் அடைவில் உள்ள நீண்ட பெயரைக் கொடுங்கள். இன்னொரு மாற்றி செருகப்பட்டால் 0 என்பது 1 ஆகலாம். செருகிய துளையைக் குறிக்கும் பெயர் மாறாது. அந்தத் துளைக்கு மேல் சிவப்பு நாடா ஒட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் யாராவது கைப்பேசிக்கு மின்னேற்ற அதைப் பிடுங்குவார்கள்.

மாற்றிகளின் பிழை எண்ணிக்கை ஏழாம் படியில் சொன்ன கோப்பில் வராது என்பதையும் நினைவில் வையுங்கள். எஸ்டிடிஒய் மட்டும் வழக்கம்போல வேலை செய்யும். மென்பொருளைத் தொடங்கிய பிறகு அதே கட்டளையால் படித்து, பழைய கணினியில் எடுத்த கோப்போடு வரி வரியாக ஒப்பிடுங்கள்.

9. சோதனை

காலி மேடையை வைத்துச் சோதித்தால் போதாது. 1, 2, 4, 7, 8 ஐந்தும் ஒரு முறையாவது திரையில் வர வேண்டும். லோரி வரும் வரையில் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு மோட்டார் சைக்கிளை ஏற்றுங்கள், பிறகு அங்கிருப்பவர்களை ஒவ்வொருவராக மேடையில் ஏறி நிற்கச் சொல்லுங்கள். எண் பெரும்பாலும் 10 அல்லது 20 கிலோ படியாகத்தான் ஏறும். 10 கிலோ படியானால் ஐந்தாறு பேரில் நமக்கு வேண்டிய இலக்கங்கள் பெரும்பாலும் வந்துவிடும். 20 கிலோ படியானால் 7 வர 700 கிலோவாவது வேண்டும், அதற்கு ஒரு காரை ஏற்றுங்கள். எடைகாட்டியில் உள்ள எண்ணையும் கணினியில் உள்ள எண்ணையும் இரு பத்தியாக எழுதி, கிராணியின் கையொப்பத்தை அந்தத் தாளில் வாங்குங்கள்.

எஸ்டிடிஒய் விடையை அச்சிட்டு, தேதியிட்டு, ஒரு படியை எடைகாட்டிப் பெட்டியின் பின்புறம் ஒட்டுங்கள். மற்றொன்று அலுவலகக் கோப்புக்கு. பழைய கணினியை அந்த மாதக் கணக்கு முடியும் வரையில் அங்கேயே வைத்திருக்கச் சொல்லுங்கள். பழைய இரும்புக்காரர் அதைக் கேட்டு மறுநாளே வந்து நிற்பார்.